இரண்டு தூக்கு மிச்சம்

எனக்கு உட்காரத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் வலது கால் தானாக ஆடும். ஆடாதே என்று அதட்டினால் இடது கால் ஆடும். இதை எழுதத் தொடங்கியதிலிருந்து மூன்று தடவை எழுந்து வாசல் வரை போய் வந்துவிட்டேன். வாசலில் ஒன்றுமில்லை, போனேன், வந்தேன், அவ்வளவுதான். இது பிறவியிலேயே வந்த வியாதி அல்ல. எந்த நாளில், எந்த வளைவில் வந்தது என்று என்னால் சொல்ல முடியும்.

ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில் நான் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு தகரக் கொட்டகை, ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். என் அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியவர், அம்மா கொழுந்து எடுத்தவர். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பிரஜாவுரிமை விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி வருகிறவர்கள் "வாத்தியாருக்குப் பொன்னான கை" என்பார்கள். பொன்னான கைதான். வெண்கட்டியையும் பிரம்பையும் தவிர எதையும் தூக்கியதில்லை.

என் மனைவி கொழுந்துக்காரி. விடியற்காலையில் தப்பு மேளச் சத்தம் கேட்டதும் எழுந்து, ரொட்டி சுட்டு வைத்துவிட்டுப் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்குப் போவாள். சாயந்தரம் கூடை நிறையக் கொழுந்தோடு, கூடைக் கயிறு நெற்றியை அறுக்க, செங்குத்தான மலையில் ஏறி வருவாள். வந்த கையோடு தண்ணீர் எடுக்கப் போவாள். விளையாட்டுக்கு அவள் கையைப் பிடித்து இழுத்தால் வலிக்கிறது என்று கத்துவது நானாகத்தான் இருக்கும்.

அவளுக்கு முதல் பிரசவம் வந்த நாள் நல்ல மழை. மத்தியானம் மருத்துவச்சி வெளியே வந்து, "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்று மட்டும் சொன்னார். லொறி நிற்பது கீழே, தொழிற்சாலைக்குப் பக்கத்தில். குறுக்குப் பாதையில் இரண்டு மைல் இறக்கம். என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், ஒரு மூங்கில் கம்பு கொண்டுவந்தார். கம்பளியைத் தூளி மாதிரி அதில் கட்டி அவளைப் படுக்க வைத்தோம். முன்னால் ஒரு தோள், பின்னால் ஒரு தோள், மாற்றுக்கு இரண்டு பேர்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் இருந்தது. மரக்கட்டையையோ இயந்திரத்தையோ இறக்கினால் உயரமானவன்தான் முன்னால் போவான். இறக்கத்தில் பாரம் முழுக்க முன்னாலுள்ளவன் மேல்தான் சரியும், அவன் உயரமாக இருந்தால் கம்பு மட்டமாக நிற்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மனுஷரை இறக்கினால் உரியவன் தோள்தான் முன்னால். புருஷன், இல்லாவிட்டால் அப்பன், இல்லாவிட்டால் அண்ணன். நானோ குட்டை, பின்னால் நின்ற மச்சானோ பனைமரம். யாரும் யோசிக்கவில்லை. நான் கம்பைத் தோளில் வாங்கினேன்.

பாதி வழியில், ஓடைக்கு மேலே ஒரு வளைவு. அதற்குள் என் தோள் மரத்துப் போயிருந்தது. மாற்றிக் கொள்ளுங்கள் என்று கேட்க வெட்கம். வாத்தியார் என்றால் இவ்வளவுதானா என்று சொல்லிவிடுவார்களே. வளைவில் கால் வழுக்கியது, முழங்கால் மடிந்தது, கம்பின் முனை தரையில் போய்க் குத்தியது. அவள் கம்பளியோடு சேற்றில் விழுந்தாள். ஒரு சத்தமும் போடவில்லை. மச்சான் என்னைத் தள்ளிவிட்டுக் கம்பை வாங்கிக்கொண்டார். மிச்ச தூரம் நான் வெறுங்கையோடு பின்னால் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. விழுந்ததால் இருக்காது என்று தாதி சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகு யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அவளும் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குள் நானே முடிவு கட்டியிருந்தேன். அன்றிலிருந்து கால் ஆடத் தொடங்கியது.

எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் பத்தடி நடக்கலாம், அதற்குமேல் சுவர். பத்தடி நடப்பேன், திரும்புவேன். சாப்பாட்டின் நடுவில் எழுந்து போவேன். பாடம் நடத்தும்போது பிள்ளைகளின் தலை என்னோடு சேர்ந்து இடமும் வலமும் போய்வரும். அவள் மட்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒன்றரை வருஷம் கழித்து, மூன்று மாதம் என்று அவள் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கம்புதான் ஞாபகம் வந்தது. இன்னும் ஆறு மாதத்தில் அதே பாதையில் அதே கம்பைத் தூக்க வேண்டும். இந்தத் தடவை கீழே போட்டால் அப்புறம் அவள் முகத்தில் நான் விழிக்க முடியாது. ஆகவே உடம்பை வளர்க்கத் தீர்மானித்தேன். முப்பது வயதில், அதுவரை ஒரு தண்டால்கூட எடுத்திராத உடம்பு.

தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர் வேலை செய்தவர் எனக்குப் பழக்கம். இயந்திரத்தோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி அவருடைய புஜம் என் தொடையளவு இருக்கும். கழித்துப் போட்ட இரும்புச் சக்கரம் இரண்டை ஒரு குழாயில் கோத்துக் கொடுத்தார். சக்கரம் ஒன்று முப்பது றாத்தல், கிட்டத்தட்டப் பதினாலு கிலோ. இன்னும் சின்னதாக இரண்டு மூன்று சோடியும் தந்தார். கூடவே உபதேசமும் இலவசம்.

"தூக்கினா கை சாகணும் வாத்தியாரே. இனிமே முடியாதுன்னு அதுவாத் தொங்கணும். செத்தாத்தான் மறுபடி பொறக்கும்."

இது எனக்குப் பிடித்துப் போனது. சாகிற மாதிரி எதையாவது செய்ய வேண்டும் என்றுதான் நானும் அலைந்துகொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் கொட்டகைக்குப் பின்னால் போய், சட்டையைக் கழற்றித் தேயிலைச் செடிமேல் போட்டுவிட்டுத் தொடங்குவேன். வாரத்தில் மூன்று நாள் போதும் என்றார் பிட்டர், நான் ஆறு நாள் தூக்கினேன். தலைக்கு மேல் தூக்குவேன், இறக்குவேன், மறுபடி தூக்குவேன். கை நடுங்கும், பல்லைக் கடிப்பேன், கண்ணில் பூச்சி பறக்கும். கடைசித் தூக்கு பாதியில் நின்று சக்கரம் தொம்மென்று தரையில் விழும். அந்தச் சத்தம் கேட்டால்தான் அன்றைக்குத் திருப்தி.

இரண்டாம் வாரமே தையல்காரர் வந்து சேர்ந்தார். தோட்டக் கடைக்குப் பக்கத்தில் மிஷின் போட்டிருந்தவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நாள் முழுக்கக் குனிந்தே இருந்து முதுகு கேள்விக்குறி மாதிரி ஆகிவிட்டிருந்தது.

"முதுகு புடிச்சா ரெண்டு நாளைக்கு விட மாட்டேங்குது வாத்தியார். நானும் ஒரு கை பாக்குறேனே" என்றார்.

அவர் தூக்குவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சின்னச் சக்கரத்தைக் கோப்பார். எட்டுத் தடவை அழகாக, மெதுவாகத் தூக்குவார். முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. இன்னும் தூக்கலாமே என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறக்கி வைப்பார்.

"ஏன் வச்சிட்டீங்க?"

"இன்னும் ரெண்டு தூக்கு மிச்சம் இருக்கு."

"மிச்சம் இருந்தாத் தூக்க வேண்டியதுதானே?"

"மிச்சம் இருக்கட்டும்."

பிறகு மரக்கட்டையில் உட்கார்ந்து பீடி பற்றவைப்பார். தோட்டத்து மேற்பார்வைக்காரரான கண்டாக்கு ஐயா கால்சட்டைக்கு அளவு கொடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டதையும், உடுப்புத் தைத்து முடித்த பிறகு அவர் மூச்சு விட முடியாமல் திண்டாடியதையும் சொல்லிச் சிரிப்பார். பீடி முடிந்ததும் மறுபடி எட்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருவார். மழை பெய்தால் வரவே மாட்டார்.

"சோம்பேறித்தனத்துக்கு இப்படியெல்லாம் கணக்கு வச்சிருக்கீங்களா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "நூல வலிச்சுத் தச்சா அந்த நேரத்துக்குப் பலமாத்தான் தெரியும் வாத்தியார். தொவச்சுப் போட்டதும் தையல் பூரா சுருங்கிரும். கொஞ்சம் விட்டுப் புடிக்கணும்" என்றார். நான் பெரிய சக்கரத்தைத் தூக்கப் போனேன். துணிக்காரன் இரும்பைப் பற்றி எனக்குச் சொல்லித் தருவதா?

இரண்டு மாதம் போனது. தோள் கொஞ்சம் திரண்டிருந்தது உண்மை. ஆனால் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் கை நடுங்கித் தண்ணி சிந்தும். சோறு இறங்காது, தூக்கம் பிடிக்காது. ஒரு சிலேட்டு உடைந்ததற்கு ஒரு பிள்ளையை நான் அடித்த அடியில், அதன் தாய் மலையிலிருந்து கூடையோடு நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். "படிச்சுக் குடுக்கச் சொன்னா கொன்னு போடுவீங்க போல இருக்கே" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அன்றைக்கு நினைத்தாலும் இன்றைக்கு நினைத்தாலும் வெட்கம்தான்.

வீட்டில் என் மனைவி சொன்னது அதைவிட மோசம். ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"மலையப் பாத்து எனக்குப் பயமில்லைங்க. இப்ப உங்களப் பாத்தாத்தான் பயமா இருக்கு."

"உனக்காகத்தான் இவ்வளவும்" என்று கத்தினேன்.

"நான் கேட்டேனா?" என்றாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

தையல்காரருக்கு ஆகியிருந்தது வேறு. முதுகு நிமிர்ந்திருந்தது. காலையில் மிஷினில் உட்கார்ந்தால் பாட்டுச் சத்தம் கேட்கும். கட்டையைச் சாய்த்தால் விடியும்வரை எழும்புவதில்லை என்று பெருமையடிப்பார். இருக்கட்டும், தூக்கம் வேறு பலம் வேறு, பலத்தில் இவரை அடித்துவிடுவேன் என்று நினைத்தேன். மூன்றாம் மாதக் கடைசியில் நானே பந்தயத்துக்கு இழுத்தேன். பெரிய சக்கரம் இரண்டும், குழாயும் சேர்ந்து எழுபது றாத்தல் வரும். அதுவரை அவர் சின்னதிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வந்ததை நான் கவனிக்கவே இல்லை.

நான் முதலில் தூக்கினேன். ஆறு. ஏழாவது நெற்றிவரை வந்து நின்று, வழக்கம்போலத் தொம்மென்று விழுந்தது. பிறகு அவர். ஒன்று, இரண்டு, மூன்று. சட்டையைக்கூடக் கழற்றவில்லை மனுஷர். ஆறு எண்ணியதும் மெதுவாக இறக்கி வைத்து, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சொல்லாதீங்க" என்றேன்.

"நான் ஒண்ணுமே சொல்லலியே" என்றார்.

வந்த ஆத்திரத்தில் சக்கரத்தை ஓங்கி ஒரு உதை விட்டேன். முப்பது றாத்தல் இரும்பை வெறுங்காலால் உதைத்தால் என்ன ஆகும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும். கால் பெருவிரல் நகம் பெயர்ந்து வந்தது. தையல்காரர்தான் தோளில் கைபோட்டு என்னை லயத்துக்குக் கூட்டிவந்தார். வழிநெடுக அவர் வயிறு குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரியாதா?

பத்து நாள் எதையும் தூக்கவில்லை. நடக்கவும் முடியவில்லை. முதல் இரண்டு நாள் கூண்டில் அடைத்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் தூங்கினேன். இரண்டு வருஷத்தில் அப்படித் தூங்கியதில்லை. பசித்தது, கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பத்து நாளும் வீணாய்ப் போயிற்று, பெற்ற பலமெல்லாம் போயிருக்கும் என்று பயந்துகொண்டே பதினோராம் நாள் கொட்டகைக்குப் பின்னால் போய்க் குழாயைப் பிடித்தேன். எட்டுத் தடவை தூக்கினேன். என்னாலேயே நம்ப முடியவில்லை. ஒன்பதாவதும் வரும் போலிருந்தது. கீழே வைத்துவிட்டேன். அதுதான் நான் சத்தமில்லாமல் இறக்கி வைத்த முதல் தடவை.

அதன்பிறகு தையல்காரர் வழிதான். எட்டு, பீடிக்கதை, மறுபடி எட்டு, அடுத்த நாள் ஓய்வு. பலம் குறையவில்லை, ஒரு றாத்தல்கூடக் குறையவில்லை. குறைந்தது என் கைநடுக்கமும் பிள்ளைகள் முதுகில் விழுந்த அடியும்தான். சாகடித்துச் சாகடித்து நான் வாங்கியதையும் சிரித்துச் சிரித்து அவர் வாங்கியதையும் தராசில் போட்டால் ஒரே எடை. பிட்டரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் புஜத்தைப் பார்த்துவிட்டு நானும் அதிகம் வாதாடவில்லை.

ஆனால் கால் ஆடுவது மட்டும் நிற்கவில்லை. நாள் நெருங்க நெருங்கக் கம்பும் நெருங்கியது. மச்சானிடம் போய், இந்தத் தடவை நீங்கள் முன்னால், நான் பின்னால் என்றேன்.

"அது எப்படி மாப்ள? உரியவன் தோளுதானே முன்னுக்குப் போகணும்."

"பாடையத் தூக்குற வழக்கத்த உசிரோட இருக்கவளுக்கு ஏன் வைக்கிறீங்க?"

"நீங்க சொல்றதும் சரிதான்" என்றார் அவர். அந்த நியாயம் இரண்டு வருஷத்துக்கு முந்தி என் வாயில் வந்திருக்கக் கூடாதா என்று எனக்கு அழுகை வந்தது.

அந்த நாள் மழையில்லை. மலை முழுக்கப் பனிமூட்டம், காலை ஒன்பது மணி இருக்கும். மருத்துவச்சி பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நேரமும் கெடக்கு. ஆனா மொதப் புள்ள அப்பிடி ஆனதால ஆஸ்பத்திரிக்கே போயிருங்க" என்றார். மச்சான் கம்போடு தயாராக நின்றார். கம்பளி கட்டியாயிற்று. நான் தோளை இரண்டு தடவை சுழற்றிக்கொண்டேன். ஆறு மாத இரும்பு அந்தத் தோளில் இருந்தது.

என் மனைவி வாசலுக்கு வந்து கம்பைப் பார்த்தாள்.

"நான் அதுல ஏற மாட்டேன். நடந்தே வாரேன்."

மச்சான் அதட்டினார். நான் கெஞ்சினேன். மருத்துவச்சிதான், "நடக்கட்டும், நடக்குறது நல்லதுதான். நானும் கூட வாரேன்" என்றார். ஆக, மச்சானும் மருத்துவச்சியும் கம்போடு முன்னால் போக, அவளும் நானும் பின்னால் இறங்கினோம். எனக்கு ஆத்திரமாக வந்தது. எதற்காக இவ்வளவும் தூக்கினேன்? வெறுங்கையோடு நடக்கவா?

வலி வரும்போது நின்றுவிடுவாள். என் தோளில் இரண்டு கையையும் போட்டு, முழுப் பாரத்தையும் தொங்கவிடுவாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்த்த விரல்கள் சதைக்குள் இறங்கும். நான் அசையாமல் நிற்பேன். வலி விட்டதும் நாலு எட்டு நடப்போம். இப்படியே அந்த வளைவுக்கு வந்து சேர்ந்தோம். ஓடைச் சத்தம் கேட்டது. நான் வேகமாகத் தாண்டிவிடப் பார்த்தேன், அவள் நின்றுவிட்டாள். அங்கே ஒரு கல் கிடந்தது.

"உக்காருங்க" என்றாள்.

"இங்கயா? வா போயிருவோம்."

"ஒரு நிமிசம் உக்காருங்களேன்."

உட்கார்ந்தேன். அவள் என் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கு இங்க விழுந்ததுக்கு முந்தியே எனக்குத் தெரியுங்க. செவ்வாக்கெழமையே அசைவு நின்னு போச்சு. வெள்ளிக்கெழமதானே தூக்கிட்டு வந்தீங்க. அதச் சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு மருத்துவச்சிகிட்ட கேட்டேன். நீங்க போட்டதால இல்ல."

"ரெண்டு வருசமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியே. நீங்க ஒரு எடத்துல உக்காந்தாத்தானே சொல்றதுக்கு. நாஞ் சொல்ல வாயெடுத்தா நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்க."

உண்மைதான். ரொட்டி சுடும்போது, கூடையை இறக்கி வைக்கும்போது, விளக்கேற்றும்போது, எத்தனை தடவை அவள் என்னை நிமிர்ந்து பார்த்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் நான் வாசலில் இருந்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தப் பாரத்தை அவள் தனியாகச் சுமந்திருக்கிறாள். நான் இரும்பைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்தக் கல்லிலேயே அழுதேன். முன்னால் போன மச்சான் திரும்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெண் பிள்ளை பிறந்தது, மத்தியானத்துக்கு மேல். தாதி வந்து சொல்லும்வரை ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்தே இருந்தேன். தையல்காரர் நாங்கள் வீடு திரும்புவதற்கு முன்னாலேயே ஒரு வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருந்தார். வளருகிற பிள்ளை என்று ஓரத்தில் இரண்டு விரல் துணி உள்ளே மடித்து விட்டிருந்தார்.

கால் மறுபடி ஆடத் தொடங்கியதும் உண்மைதான். வழக்கமாகிப் போன ஆட்டம் அவ்வளவு லேசில் விடுமா? ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு புது வழக்கம். முக்கியமாக எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அவள் முதலில் "உக்காருங்க" என்பாள். நான் உட்கார்ந்துவிடுவேன். கால் ஆடும். அவள் என் முழங்காலில் கையை வைத்து அழுத்திக்கொண்டு, அப்புறம்தான் பேசுவாள்.